‘நாமே நின்னு கட்டிக்கலாம்’னு சொல்றப்ப, அந்த ‘நாம’ யாரு?

(எபிசோட்டின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)

இன்னைக்கு கோடிங் இல்ல, இன்டர்வியூ டிப்ஸ் இல்ல. செங்கல், ஜல்லி, கம்பி.

நம்ம வயசுல இருக்கிற பல பேர் வீட்ல இப்ப ஒரே பேச்சுதான் ஓடுது. ஊர்ல ஒரு மனை இருக்கு. அப்பா ரிட்டயர் ஆகிட்டாரு, இல்ல ஆகப்போறாரு. பிள்ளைக்கு ஐடி சம்பளம், ஹோம் லோன் கிடைக்கும். கட்டிடலாமா? அதுக்கு அடுத்து வர்ற கேள்வி: காண்ட்ராக்டர்கிட்ட கொடுக்கலாமா, நாமே நின்னு கட்டிக்கலாமா?

போன வருஷம் எங்க வீட்லயும் இந்தப் பேச்சு ஓடுச்சு. மனை திண்டுக்கல் பக்கம், நான் சென்னையில. அதனால இதைப் பத்தி நிறைய படிச்சேன், கட்டினவங்க நிறைய பேர்கிட்ட பேசினேன், எக்செல்ல கணக்கு போட்டேன். அதுல தேறினதை இன்னைக்கு பகிர்ந்துக்கிறேன். காண்ட்ராக்டர்னா திருடன்னும் சொல்லப் போறதில்ல, நாமே கட்டுறது முட்டாள்தனம்னும் சொல்லப் போறதில்ல. ரெண்டு வழியிலயும் நல்ல வீடு கட்டினவங்க இருக்காங்க.

முதல்ல, மூணு வழி

ஒண்ணு, முழு காண்ட்ராக்ட். சதுர அடிக்கு இவ்வளவுன்னு பேசி, மெட்டீரியல், கூலி எல்லாம் அவர் பொறுப்பு. சாவியை வாங்கிக்கலாம்.

ரெண்டு, லேபர் காண்ட்ராக்ட். மேஸ்திரிக்கு சதுர அடிக்கு கூலி மட்டும். சிமெண்ட், கம்பி, மணல், செங்கல் எல்லாம் நாம வாங்கிப் போடணும். பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஆசாரி, டைல்ஸ்காரர், பெயிண்டர் எல்லாரையும் நாமதான் தனித்தனியா பேசணும்.

மூணு, நாள்கூலி. கொத்தனாருக்கு இவ்வளவு, சித்தாளுக்கு இவ்வளவுன்னு அன்னன்னைக்கு கூலி. சின்ன வேலைக்கு சரி. முழு வீட்டுக்கு இப்படிப் போனா வேலை எப்ப முடியும்னு யாருக்கும் தெரியாது.

‘நாமே கட்டுறோம்’னு மக்கள் சொல்றது பெரும்பாலும் அந்த ரெண்டாவது வழியை. இந்த எபிசோட் முழுக்க அதைத்தான் நானும் அப்படிச் சொல்லப்போறேன்.

காண்ட்ராக்டர் லாபம்னா எதுக்கான கூலி?

நாமே கட்டணும்னு சொல்றவங்க முதல்ல சொல்ற காரணம் பணம். ‘அவருக்குப் போற லாபம் நம்ம கையில நிக்கும்ல?’ சரி, கணக்கு போட்டுப் பார்ப்போம். இது எடுத்துக்காட்டுக்கான கணக்கு, உங்க ஊர் ரேட்டைப் போட்டுக்கோங்க.

1,200 சதுர அடி வீடு. சதுர அடிக்கு 2,500 ரூபாய்னா மொத்தம் 30 லட்சம். இதுல காண்ட்ராக்டர் லாபம் 12 சதவீதம்னு வச்சுக்குவோம். 3,60,000 ரூபாய். பெரிய காசுதான். ஆனா வேலை 10 மாசம் நடக்கும்னா மாசம் 36,000. அதாவது, மாசம் 36,000 சம்பளத்துக்கு ஒரு புராஜெக்ட் மேனேஜர் வேலையை நீங்க எடுத்துக்கிறீங்க. காலையில 8 மணிக்கு ஆஜராகணும், ஞாயித்துக்கிழமையும் போன் வரும், முன் அனுபவம் கிடையாது.

அந்த 3,60,000-மும் முழுசா மிச்சமாகும்னு சொல்ல முடியாது. காண்ட்ராக்டர் வருஷத்துக்கு அஞ்சாறு வீடு கட்டுறவர்னா கம்பிக்கும் சிமெண்ட்டுக்கும் அவருக்குக் கிடைக்கிற ரேட் வேற, நமக்குக் கிடைக்கிற ரேட் வேற. அதோட தாமதம்னு ஒரு செலவு இருக்கு. 20 லட்சம் லோன் கைக்கு வந்தாச்சு, வட்டி 9 சதவீதம்னா மாசம் 15,000. இப்ப இருக்கிற வீட்டு வாடகை 15,000. ஆக, வேலை ஒரு மாசம் இழுத்தா 30,000 போச்சு. மூணு மாசம் இழுத்தா 90,000. மிச்சம் பிடிக்க நினைச்சதுல கால்வாசி அங்கேயே காலி.

ஜிஎஸ்டி பக்கத்தையும் பார்த்துடணும். தனி வீடு ஒண்ணைக் கட்ட வெறும் கூலிக்கு மட்டும் காண்ட்ராக்ட் போட்டா அந்தக் கூலிக்கு ஜிஎஸ்டி கிடையாது. மெட்டீரியலோட காண்ட்ராக்ட்னா, ஜிஎஸ்டி பதிவு உள்ள காண்ட்ராக்டர் 18 சதவீதம் போடுவார். 30 லட்சத்துக்கு அது 5,40,000. கேட்டதும் தலை சுத்தும். ஆனா அவர் சிமெண்ட், கம்பி வாங்கறப்ப கட்டின வரியை அதுல கழிச்சுக்க முடியும். நாம கடையில வாங்கறப்ப கட்டுற வரியை எங்கயும் கழிக்க முடியாது. 2025 செப்டம்பர் 22-ல இருந்து சிமெண்ட்டுக்கான ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 சதவீதமா குறைஞ்சது நமக்கும் நல்லதுதான். ஆகவே கொட்டேஷன் வாங்கறப்ப கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘சார், இந்த ரேட் ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா?’ அது தெரியாம ரெண்டு ரேட்டை ஒப்பிடவே முடியாது.

கணக்கு போட்டு முடிச்சப்ப எனக்குத் தெளிவானது இதுதான். நாமே கட்டுனா காசு மிச்சமாகலாம். ஆனா அது சும்மா வர்ற காசு கிடையாது. யாரோ ஒருத்தர் வேலை பார்த்து சம்பாதிக்கிற காசு.

தளம் போடுற நாள்

அந்த வேலை என்னன்னு புரிஞ்சுக்க, தளம் போடுற ஒரே ஒரு நாளை மட்டும் எடுத்துக்குவோம்.

சென்ட்ரிங் ஷீட் அடிச்சு, முட்டு கொடுத்து நிறுத்தியாச்சு. ஷீட்டும் முட்டும் வாடகைன்னா மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கு. மேல கம்பி கட்டியாச்சு. இப்ப காங்கிரீட் கொட்டறதுக்கு முன்னாடி எலக்ட்ரீஷியன் வந்து, ஃபேனுக்கும் லைட்டுக்கும் பாக்ஸ் வச்சு பைப் ஓட்டணும். அவர் வேற சைட்ல மாட்டிக்கிட்டு ‘நாளைக்கு வர்றேன் சார்’னா, மொத்த டீமும் நிக்கும். அவர் வராமலே கொட்டிட்டா, பின்னாடி புதுத் தளத்தை உளி வச்சுக் கொத்தணும். நம்ம பாஷையில இது டிபெண்டன்சி. ஒரே வித்தியாசம், இங்க ரோல்பேக் கிடையாது.

காலையில மிக்சர் மெஷின் வருது, வைப்ரேட்டர் வருது. கம்பிக்கும் ஷீட்டுக்கும் நடுவுல கவர் பிளாக் வச்சிருக்காங்களான்னு ஒருத்தர் குனிஞ்சு பார்க்கணும். ஐ.எஸ். 456-ன்னு நம்ம நாட்டு காங்கிரீட்டுக்கான தர விதிமுறை இருக்கு. அதன்படி சாதாரணச் சூழல்ல தளத்துக் கம்பிக்குக் கீழ குறைஞ்சது 20 மில்லிமீட்டர் காங்கிரீட் இருக்கணும். இல்லேன்னா கொஞ்ச வருஷத்துல கம்பி துருப்பிடிச்சு, சீலிங்ல பூச்சு பேந்து விழும். பழைய வீடுகள்ல பார்த்திருப்பீங்க.

அடுத்து தண்ணி. எம்20 காங்கிரீட்டுக்கு 50 கிலோ மூட்டைக்கு அதிகபட்சம் 27 லிட்டர் சொச்சம், மணல்ல இருக்கிற ஈரத்தையும் சேர்த்து. ஆனா கலவை இளகி இருந்தா தள்ள சுலபம். மதியம் வெயில் ஏற ஏற, ஆளுங்க களைச்சுப் போக, ஒரு குடம் கூடுதலா விழும். அதுக்கு அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, முதுகு ஒடியற வேலை. ஆனா தண்ணி கூடினா பலம் குறையும். அந்த நேரத்துல ‘அண்ணே, தண்ணி போதும்ணே’ன்னு சொல்ல ஒருத்தர் அங்க நிக்கணும். சொன்னா கேக்கிற மாதிரியான ஆளா இருக்கணும். நம்மை மாதிரி 28 வயசுப் பொண்ணு சொன்னா, ‘சார் வரலையாம்மா?’ன்னு கேப்பாங்க. இருக்கிறதைச் சொல்றேன்.

கொட்ட ஆரம்பிச்சா பாதியில நிறுத்தக் கூடாது. காய்ஞ்சது மேல புதுசு விழுந்தா அந்தச் சேர்க்கை வழியா பின்னாடி மழைத் தண்ணி இறங்கும். கரண்ட் போச்சா, மெஷின் மக்கர் பண்ணுச்சா, மேகம் கூடுதா, எல்லாத்துக்கும் ஒருத்தர்கிட்ட பதில் இருக்கணும்.

கொட்டி முடிச்சா விருந்து போட்டு அனுப்பிடுவோம். ஆனா வேலை அங்கதான் ஆரம்பிக்குது. தளத்து மேல பாத்தி கட்டி தண்ணி நிறுத்தணும். இப்ப பெரும்பாலும் வாங்கற பிபிசி மாதிரி கலப்பு சிமெண்ட்டுக்கு குறைஞ்சது 10 நாள், நம்ம ஊர் மாதிரி காய்ச்சற வெயில்ல 14 நாள் ஈரம் காயாம இருக்கிறது நல்லதுன்னு அதே விதிமுறை சொல்லுது. தினமும் காலையில, சாயங்காலம் ஒருத்தர் ஏணி ஏறிப் பார்க்கணும். முட்டு எடுக்கறதுக்கும் கணக்கு இருக்கு. அறையோட அகலம் நாலரை மீட்டர், அதாவது 14 அடி 9 அங்குலத்துக்குள்ளனா தளத்து முட்டு 7 நாள் நிக்கணும், அதுக்கு மேலனா 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரைக்கும் 14 நாள். ஆனா சென்ட்ரிங்காரருக்கு அடுத்த சைட் காத்துக்கிட்டு இருக்கும். அஞ்சாம் நாளே வந்து ‘எடுத்துரலாமா?’ன்னு நிப்பார். வேண்டாம்னு சொல்ல ஒரு ஆள் வேணும்.

பத்து மாசத்துல இந்த மாதிரி நாள் ஒண்ணு கிடையாது. அஸ்திவாரம், பேஸ்மெண்ட், நிலை வைக்கிறது, லிண்டல், தளம், பூச்சு, பாத்ரூமுக்கு வாட்டர் புரூஃபிங்னு வரிசையா வரும்.

அளக்கத் தெரியணும்

லேபர் காண்ட்ராக்ட்ல போறவங்களுக்கு ரெண்டு சின்னக் கணக்கு தெரிஞ்சே ஆகணும்.

ஒண்ணு கம்பி. கம்பியோட விட்டத்தை மில்லிமீட்டர்ல எடுத்து, அதே எண்ணால பெருக்கி, 162-ஆல வகுத்தா ஒரு மீட்டரோட எடை கிலோவுல வரும். 12 எம்.எம். கம்பின்னா 144-ஐ 162-ஆல வகுக்கணும், 0.889 கிலோ. ஒரு முழுக் கம்பி 12 மீட்டர், ஆக 10.67 கிலோ. 100 கம்பி ஏறக்குறைய 1,067 கிலோ இருக்கணும். கொஞ்சம் கூடக் குறைய இருக்க அனுமதி உண்டு. லாரியை எடைமேடையில ஏத்தி இறக்கினா விஷயம் தெரிஞ்சிடும்.

ரெண்டாவது எம்-சாண்டும் ஜல்லியும். 100 கன அடி ஒரு யூனிட். டிப்பரோட உள்பக்கத்தை டேப் வச்சு அளங்க. 14 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி உயரத்துக்கு லோடு இருந்தா 294 கன அடி, ஏறக்குறைய 3 யூனிட். ஈர மணல் உப்பி அதிகமா தெரியும்ங்கிறதையும் மனசுல வச்சுக்கணும். சிமெண்ட் மூட்டையை வெறும் தரையில வைக்காம பலகை மேல, சுவரை ஒட்டாம, 10 மூட்டைக்கு மேல அடுக்காம வைக்கணும். மழைக்காலத்துல மொத்தமா வாங்கிக் குவிக்காதீங்க.

இதெல்லாம் கஷ்டமான கணக்கு இல்ல, நாம எல்லாரும் போடுவோம். ஆனா லோடு வர்றது காலையில ஆறரை மணிக்கு. நம்ம ஸ்டாண்டப் மீட்டிங் பத்து மணிக்கு, அதுவும் 400 கிலோமீட்டர் தள்ளி.

தப்பு நடந்தா யாரைக் கேட்கிறது?

இந்தக் கேள்வியை நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல.

‘ரெரா இருக்குல்ல?’ன்னு கேப்பாங்க. ரெரா, பிளாட்டோ மனையோ விக்கிற புரமோட்டர்களுக்கானது. நம்ம சொந்த மனையில நாம கட்டுற வீடு அதுல வராது. நமக்கு இருக்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2019 சட்டத்துல ‘சேவை’ங்கிறதுக்கான விளக்கத்துலயே வீடு கட்டுறதும் இருக்கு. முழு காண்ட்ராக்ட் போட்டு, அக்ரிமெண்ட் இருந்து, பணம் பேங்க் வழியா போயிருந்தா, அதை எடுத்துக்கிட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியும்.

லேபர் காண்ட்ராக்ட்ல சுவர் விரிசல் விட்டா? மேஸ்திரி சொல்வார், ‘நீங்க வாங்கின மணல் சார்.’ மணல்காரர் சொல்வார், ‘கலவை தப்பு சார்.’ பிளம்பர் டைல்ஸ்காரரைக் கைகாட்டுவார். மெட்டீரியலைத் தேர்ந்தெடுத்தது நாம, ஆளைத் தேர்ந்தெடுத்தது நாம, வரிசையைப் போட்டது நாம. சுத்திச் சுத்தி கடைசியில வந்து நிக்கிற ஆளும் நாமதான்.

இன்னொண்ணு, ஆள் விழுந்தா? சாரத்துல இருந்து ஒருத்தர் தவறி விழுந்தா அந்தக் குடும்பம் நம்ம வாசல்லதான் வந்து நிக்கும், நிக்கிறதுல நியாயமும் இருக்கு. வேலையாட்களுக்கான இழப்பீட்டு இன்ஷூரன்ஸ் இருக்கு, வீடு கட்டுற காலத்துக்கு மட்டும் எடுக்க முடியும். முழு காண்ட்ராக்ட்னா, அதை அவர் எடுக்கணும்னு அக்ரிமெண்ட்ல எழுதி வாங்குங்க. நாமே கட்டுறோம்னா நாமதான் எடுக்கணும். பூமி பூஜைக்கு முன்னாடியே.

பேப்பர் வேலை இப்ப லேசாகிடுச்சு, அது உண்மை. 2024 ஜூலையில இருந்து தமிழ்நாட்டுல 2,500 சதுர அடி வரைக்குமான மனையில 3,500 சதுர அடி வரைக்கும் வீடு கட்ட, சுயசான்று முறையில ஆன்லைன்லயே உடனடி அனுமதி கிடைக்குது. அனுமதி சுலபமானதால கட்டுறதும் சுலபமாகிடுச்சுன்னு ஒரு நினைப்பு வருது. அது வேற, இது வேற.

எங்க வீட்ல நடந்த பேச்சு

இப்ப தலைப்புக்கு வர்றேன்.

எங்க அப்பாவுக்கு 62 வயசு. வீட்டுக்குப் போடற பணத்துல பாதி அவரோட ரிட்டயர்மெண்ட் காசு, மீதி என் பேர்ல லோன். அவர் சொன்னது, ‘பாப்பா, உங்க தாத்தா வீடு கட்டுனப்ப காண்ட்ராக்டரா வச்சாரு? நான் சும்மாதானே இருக்கேன், நின்னு பார்த்துக்கிறேன்.’

நான் எக்செல்ல இன்னொரு ஷீட் திறந்தேன். இந்த முறை பணம் போடல, மணிநேரம் போட்டேன். காலை ஆறரைக்கு லோடு, எட்டு மணிக்கு ஆளுங்க, தினமும் ரெண்டு வேளை தண்ணி, சாயங்காலம் ஹார்டுவேர் கடை, சனிக்கிழமை கூலி. ஒவ்வொரு வரிக்கும் எதிர்ல யார் பேர்னு எழுதினா, 90 சதவீதம் அப்பா. ஆளுங்களுக்கு ரெண்டு வேளை டீ அம்மா. என் பேர் வந்தது ரெண்டே இடத்துல: இஎம்ஐ, வாட்ஸாப்ல போட்டோ பார்க்கிறது.

‘நாமே கட்டுறோம்’ல அந்த ‘நாம’ நான் இல்ல. முட்டி வலியோட இருக்கிற ஒருத்தர் பத்து மாசம் வெயில்ல ஏணி ஏறி இறங்குறதுக்கு நான் வச்ச பேரு ‘நாம’. நான் மிச்சம் பிடிக்கப்போறது காண்ட்ராக்டரோட லாபத்தை மட்டும் இல்ல, எங்க அப்பாவோட கூலியையும்தான்.

இதை அப்பாகிட்ட சொன்னேன். அவருக்குக் கோவம். ‘அப்ப எனக்கு வயசாகிடுச்சுங்கிறியா?’ன்னாரு. அதுலயும் ஒரு நியாயம் இருந்துச்சு. வாழ்க்கையில ஒரு தடவை கட்டுற வீட்டுல, சும்மா சாவி வாங்கிக்கிற ஆளா நிக்க அவருக்கு இஷ்டமில்ல. அவருக்கு அந்த வேலை சுமை மட்டும் இல்ல, ஆசையும்கூட. ரெண்டு மூணு வாரம் பேசினோம். கடைசியில வேலையை ரெண்டாப் பிரிச்சோம்.

அஸ்திவாரத்துல இருந்து தளம், வெளிப்பூச்சு வரைக்கும் மெட்டீரியலோட காண்ட்ராக்டர்கிட்ட. அதுல தப்பு நடந்தா திருப்பிச் சரிபண்ண முடியாது. அப்பா போவார், பார்ப்பார், கேள்வி கேப்பார். ஆனா ஆள் வரலேன்னா அலையற வேலை அவருக்கு இல்ல. எந்தக் கட்டடத்தையும் கட்டாத, அந்தக் காண்ட்ராக்டருக்குச் சம்பந்தமில்லாத ஒரு சிவில் இன்ஜினியரை, விசிட்டுக்கு இவ்வளவுன்னு பேசி, ஒவ்வொரு கட்டத்துலயும் காங்கிரீட்டுக்கு முன்னாடி வந்து பார்க்க வச்சோம். டைல்ஸ், கதவு, பெயிண்ட், லைட், கிச்சன் அலமாரி எல்லாம் அப்பாவும் அம்மாவும் நேரடியா பார்த்துக்கிறாங்க. இதுல ஒண்ணு பிடிக்கலேன்னா மாத்திக்கலாம், அவசரமும் இல்ல.

இந்த வழியில ஒரு சிக்கல் இருக்கு. நாளைக்கு பாத்ரூம்ல கசிவு வந்தா, அது காண்ட்ராக்டர் வேலையா, டைல்ஸ் வேலையான்னு சண்டை வரும். அதனால வாட்டர் புரூஃபிங் வரைக்கும் காண்ட்ராக்டர் கையில விட்டு, தண்ணி நிறுத்தி டெஸ்ட் பண்ணி, எழுதி வாங்கின பிறகுதான் டைல்ஸ்காரர் உள்ள வரணும்னு வச்சிருக்கோம். கைமாத்தற இடம் எங்கயோ அங்கதான் பிரச்சினை வரும், இது சாஃப்ட்வேர்லயும் அப்படித்தான்.

நீங்க உங்களைக் கேட்டுக்க வேண்டியது

எங்க பதில் உங்களுக்குப் பொருந்தணும்னு இல்ல. கேள்விகளை மட்டும் எடுத்துக்கோங்க.

ஒண்ணு. தினமும் சைட்ல நிக்கப்போறவர் யாரு? பேரை எழுதுங்க. ‘நாங்க எல்லாரும்’னு எழுதினா அது பதில் இல்ல.

ரெண்டு. அவர்கிட்ட கேட்டீங்களா? ‘சும்மாதானே இருக்காரு’ங்கிறது சம்மதம் இல்ல.

மூணு. அவர் ‘வேண்டாம், நிறுத்துங்க’ன்னு சொன்னா மேஸ்திரி கேப்பாரா? ஊர்ல செல்வாக்கு உள்ள மாமா ஒருத்தர், இல்ல முன்னாடி ரெண்டு வீடு கட்டின சித்தப்பா இருந்தா, லேபர் காண்ட்ராக்ட் தாராளமா ஒத்துவரும்.

நாலு. அடுத்த தவணை பேங்க்ல இருந்து வர்றதுக்கு முன்னாடி மெட்டீரியல் வாங்க கையில காசு இருக்கா? லோன் கட்டம் கட்டமாத்தான் வரும். அந்தக் கட்டத்தை முடிக்க நம்ம கைக்காசு முதல்ல போகணும்.

அஞ்சு. மிச்சமாகப்போற தொகையை, இழுக்கிற மாசங்களோட செலவைக் கழிச்சுட்டு, எழுதிப் பார்த்தீங்களா? அந்தத் தொகையை ஒரு கவர்ல போட்டு ‘இதுக்காக பத்து மாசம் நில்லுங்க’ன்னு உங்க அப்பா கையில கொடுக்க மனசு வருமா? வந்தா, தாராளமா நாமே கட்டலாம்.

முழு காண்ட்ராக்ட்னு முடிவு பண்ணவங்களுக்கு ஒரு வார்த்தை. வேலை முடிஞ்ச கட்டத்துக்குத்தான் பணம், முன்னாடி ஓடாதீங்க. எந்த கம்பெனி கம்பி, எந்த சிமெண்ட், டைல்ஸ் சதுர அடி எவ்வளவு ரூபாய் வரைக்கும், எல்லாம் அக்ரிமெண்ட்ல இருக்கணும். கடைசித் தவணையில ஒரு பகுதியை முதல் மழை பார்த்துட்டு கொடுக்கற மாதிரி பேசுங்க.

உங்க வீட்ல இந்தப் பேச்சு எங்க நிக்குதுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. குறிப்பா, ஊர்ல நின்னு கட்டி முடிச்ச அப்பா, அம்மா யாராவது பேசத் தயார்னா, அவங்களையே அடுத்த எபிசோட்ல பேச வைக்கலாம். நமக்கு எக்செல் தெரியும், சைட் அவங்களுக்குத்தான் தெரியும்.